சீனாவில் ஆசிரியர் வேலை: சம்பளத்தைக் கேட்கும் முன் நாட்காட்டியைக் கேளுங்கள்

போன மாதம் தென்காசியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். இயற்பியலில் எம்.எஸ்சி., அப்புறம் பி.எட்., ஆறு வருடம் மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்தவன். சீனாவில் மூன்று இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கூட்டுப் பட்டப் பிரிவு. இரண்டாவது, ஓர் இருமொழித் தனியார் பள்ளி. மூன்றாவது, ஏஜென்சி வழியாக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் சர்வதேசப் பிரிவு. சம்பளம், வாடகைப் படி, விமான டிக்கெட், காப்பீடு எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தான். "அண்ணா, எதுக்குப் போகட்டும்?" என்றான். "மூணு பேர்கிட்டயும் சியாவ்லி வாங்கினியா?" என்று கேட்டேன். அந்தச் சொல்லையே அவன் கேள்விப்பட்டதில்லை.

சியாவ்லி என்பது பள்ளியின் கல்வியாண்டு நாட்காட்டி. பெரும்பாலும் ஒரே பக்கம்தான். தேதிகளுக்குப் பக்கத்தில் முதல் வாரம், பதினேழாவது வாரம் என்று வாரங்களுக்கு எண் போட்டிருக்கும். பாடம் தொடங்கும் நாள், தேர்வு வாரம், விளையாட்டு விழா, விடுமுறை, அந்த விடுமுறைக்கு ஈடாக வேலை செய்ய வேண்டிய சனி ஞாயிறு எல்லாம் அதில் இருக்கும். நான் ஒன்பது ஆண்டாகச் சீனாவில் கணிதம் கற்பிக்கிறேன். முதல் நான்கு ஆண்டு ஹூனான் மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம், பிறகு சுசோ நகரில் ஓர் இருமொழிப் பள்ளி. வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் வருடத்துக்கு எத்தனை நாள் லீவு என்று எண்ணுகிறார்கள். அந்த நாட்கள் எப்போது என்று நமக்கு எப்போது சொல்வார்கள், அவற்றுக்குச் சம்பளம் உண்டா என்ற இரண்டையும் கேட்காமல் அந்த எண்ணிக்கையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எல்லோருக்கும் பொதுவான அரசு விடுமுறை. 2024 வரை சட்டப்படி வருடத்துக்கு 11 நாள். 2025 ஜனவரி 1 முதல் 13 நாள் ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலப் புத்தாண்டு 1, சீனப் புத்தாண்டு 4, முன்னோர் கல்லறைக்குச் சென்று வணங்கும் சிங்மிங் 1, மே தினம் 2, டிராகன் படகு விழா 1, நடு இலையுதிர்கால விழா 1, தேசிய தினம் 3. சீனப் புத்தாண்டின் நான்கு நாளும் எப்படியும் குளிர்கால விடுமுறைக்குள் விழுந்துவிடும். அதனால் பள்ளி ஆசிரியருக்குப் பாட நாட்களுக்கு நடுவே உண்மையில் கிடைப்பது 9 நாள்தான்.

அப்படியானால் அக்டோபரில் எட்டு நாள் லீவு என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? அங்கேதான் தியாவ்சியூ என்ற ஏற்பாடு இருக்கிறது. சனி ஞாயிறை வேலை நாளாக்கி, அதற்கு ஈடாக வார நாளை லீவாக்கி, விடுமுறையை ஒரே நீளமாகச் சேர்ப்பது. 2025-இல் அக்டோபர் 1 முதல் 8 வரை விடுமுறை. அதில் சட்டப்படியான நாட்கள் நான்கு: 1, 2, 3, அப்புறம் நடு இலையுதிர்கால விழாவான 6. அக்டோபர் 4, 5 எப்படியும் சனி, ஞாயிறு. மீதி இருக்கும் 7, 8 இரண்டும் கடன் வாங்கியவை. அந்தக் கடனைச் செப்டம்பர் 28 ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் 11 சனிக்கிழமையும் வேலை செய்து அடைத்தோம்.

அந்தச் செப்டம்பர் 28 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு ஆசிரியர்களின் வீசாட் (சீனாவின் வாட்ஸ்அப் மாதிரி) குழுவில் செய்தி வந்தது: ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்க்கிழமை அட்டவணைப்படி பாடம் நடக்கும். அதாவது லீவாகிவிட்ட அக்டோபர் 7-க்குரிய பாடங்கள் அன்று. என் செவ்வாய்க்கிழமையில் ஐந்து வகுப்பு. ஞாயிறு அன்று அந்த ஐந்தும், திங்களன்று திங்களுடையவை, 30-ஆம் தேதி நிஜமான செவ்வாய் வந்ததும் மறுபடி அதே ஐந்து. ஒரே பத்தாம் வகுப்புக்கு மூன்று நாளில் இரண்டு செவ்வாய்க்கிழமை. திருத்தாத நோட்டுப் புத்தகங்கள் மேசையில் அடுக்காகக் கிடந்தன. விடுதி மாணவர்கள் பாதிப் பேர் பெட்டியைக் கட்டி வகுப்பின் பின்சுவர் ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருபடிச் சமன்பாடு நடத்தினேன். யார் மனமும் கரும்பலகையில் இல்லை.

நான் குறை சொல்லவில்லை. சீன ஆசிரியர்களுக்கும் அதே ஞாயிறுதான், வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு நம்மைவிடச் சிரமம். இதில் ஒரு நல்லதும் உண்டு. அடுத்த ஆண்டின் விடுமுறைத் தேதிகளையும் ஈடுகட்டும் நாட்களையும் மத்திய அரசு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே அறிவித்துவிடும். 2025-க்கான பட்டியல் 2024 நவம்பரில் வந்தது. அதைத் தேடி எடுத்து, வேலைக்கு அழைத்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஈடுகட்டும் நாட்களில் வெளிநாட்டு ஆசிரியர்களும் வர வேண்டுமா? பல்கலைக்கழகங்கள் பலவற்றில், அன்று யாருடைய அட்டவணை ஓடுகிறதோ அவர் மட்டும் வந்தால் போதும். சில பள்ளிகள் வெளிநாட்டவரை விட்டுவிடும். சில பள்ளிகள் பாடம் இல்லாவிட்டாலும் முகத்தைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு மாலை வரை உட்காரச் சொல்லும்.

லீவு நாளில் வேலை வாங்கினால் என்ன தருவார்கள் என்பதும் இதோடு ஒட்டியது. சீனத் தொழிலாளர் சட்டப்படி, அந்த 13 நாட்களில் வேலை வாங்கினால் மூன்று மடங்கு கூலி. வார ஓய்வு நாளில் வாங்கினால் மாற்று ஓய்வு தர வேண்டும், தராவிட்டால் இரண்டு மடங்கு. ஆகவே எட்டு நாள் விடுமுறையில் எந்த நாளுக்குக் கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அக்டோபர் 2-க்கு மூன்று மடங்கு, அக்டோபர் 5-க்கு மாற்று ஓய்வு கொடுத்தால் முடிந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு என்று சீனாவில் ஒரு விதி இருக்கிறது, பணி அனுபவத்தைப் பொறுத்து 5, 10 அல்லது 15 நாள். அதைவிட நீளமான குளிர்கால, கோடை விடுமுறை பெறுபவர்களுக்கு அது கிடையாது. ஆசிரியர்கள் பெரும்பாலோர் அதில் வந்துவிடுவார்கள். தங்கை கல்யாணம் நவம்பரில் என்றால் சம்பளப் பிடித்தத்தோடுதான் போக முடியும்.

சரி, தம்பியின் மூன்று வேலைகளுக்கு வருவோம்.

பல்கலைக்கழகத்தை நான் அனுபவித்துச் சொல்கிறேன். வாரத்துக்கு 16 பாடவேளை என்றால் பயந்துவிடாதீர்கள். 45 நிமிடப் பாடவேளைகள் இரண்டு சேர்ந்தது ஒரு வகுப்பு, ஆக வாரத்தில் எட்டு வகுப்பு. வகுப்பு இல்லாத நேரத்தில் அலுவலகத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்ததில்லை. புதன்கிழமை முழுக்க என்னுடையது. வளாகத்திலேயே வீடு. கோடையில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும், குளிர்காலத்தில் ஐந்து ஆறு வாரமும் விடுமுறை. முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் பாடம் என்றால் இன்னும் ஒரு சலுகை: செப்டம்பரில் அவர்களை இராணுவப் பயிற்சிக்கு அழைத்துப் போய்விடுவார்கள், நம் பாடம் அது முடிந்த பிறகுதான் தொடங்கும்.

ஆனால் தேதி எப்போது உறுதியாகும் என்ற இடத்தில் பல்கலைக்கழகம் கொஞ்சம் வழுக்கும். நாட்காட்டியில் பருவம் முடியும் நாள் செப்டம்பரிலேயே அச்சாகி இருக்கும். தேர்வுக் கண்காணிப்புப் பட்டியல் கடைசி நேரத்தில்தான் வரும். என் முதல் ஆண்டு, பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஜனவரி 12-க்குச் சாங்ஷாவிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். என் பாடத் தேர்வு டிசம்பர் கடைசியிலேயே முடிந்து மதிப்பெண்ணும் போட்டாயிற்று. ஜனவரி 6 மாலை பட்டியல் வந்தது. 13-ஆம் தேதி காலை, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாடத்தின் தேர்வறையில் என் பெயர். அலுவலகத்தில் கேட்டால், "மாற்ற முடியாது, ஆள் இல்லை" என்றார்கள். பக்கத்து மேசைச் சீன ஆசிரியை, அன்று அவர் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்தும், என் அறையைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவரால்தான் அந்தப் பொங்கல் எனக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, என் பாடத்தின் மதிப்பெண்ணைக் கொடுத்த மறுநாளிலிருந்து எனக்கு விடுமுறை என்று ஒரு வரி எழுதி வாங்கினேன். கேட்டால் எழுதித் தருகிறார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இருமொழிப் பள்ளி வேறு உலகம். காலை 7.40-க்குள் உள்ளே, மாலை 4.40-க்கு வெளியே. 40 நிமிடப் பாடம் வாரத்துக்கு 20, 22. அதற்கு மேல் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கும் பணி, வாரம் ஒரு நாள் இரவுப் படிப்பு மேற்பார்வை, பருவத்துக்கு இரண்டு மூன்று சனிக்கிழமை பெற்றோருக்கான திறந்த நாள். மதியம் மாணவர்கள் மேசையில் தலை வைத்துத் தூங்கும் ஒரு மணி நேரம்தான் நமக்கு மூச்சு விடும் நேரம். சம்பளம் பல்கலைக்கழகத்தைப்போல ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்குக்கு மேலும்.

இங்கே பலர் ஏமாறுவது "சர்வதேச" என்ற சொல்லில். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிகள் உண்டு. அவற்றில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று வாரம், சீனப் புத்தாண்டுக்குத் தனியாக ஒன்றிரண்டு வாரம், வசந்தத்தில் ஒரு வாரம் என்று விடுமுறை இருக்கும். சீனப் பிள்ளைகள் படிக்கும் இருமொழிப் பள்ளி உள்ளூர்க் கல்வித் துறையின் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டது. டிசம்பர் 25 அங்கே வேலை நாள். அன்று வெளிநாட்டவருக்கு மட்டும் லீவு தரும் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அதை அவர்கள் வாயால் சொன்னால் போதாது. கோடையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாணவர் விடுமுறை இரண்டு மாதம் என்றாலும், ஜூலை முதல் வாரம் வரை அறிக்கை வேலை இருக்கும், ஆகஸ்ட் நடுவிலேயே பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். கையில் நிற்பது ஆறு வாரம். அமெரிக்கப் பாடத்திட்டத்தின் ஏபி தேர்வு மே முதல் இரண்டு வாரங்களில் வரும், பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் கேம்பிரிட்ஜ் தேர்வுகளும் மே, ஜூனில் நடக்கும். அந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர் மே தின லீவை நம்பி டிக்கெட் போடக் கூடாது.

மூன்றாவது, ஏஜென்சி. தம்பியின் தாளில் மாதச் சம்பளத்தில் இது இரண்டாவது இடத்தில் இருந்தது. ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லி வாசித்துப் பார்த்தேன். செப்டம்பர் 1 முதல் ஜூன் 30 வரை, பத்து மாதம். குளிர்கால விடுமுறை மாதத்துக்குப் பாதிச் சம்பளம். வீடு கிடையாது. இரண்டு பேரும் போனிலேயே கணக்குப் போட்டோம். ஏஜென்சி மாதம் 18,000 யுவான், பத்து மாதத்துக்கு 1,80,000. பாதிச் சம்பள மாதத்தில் 9,000 போகும். வாடகை மாதம் 3,000 என்று வைத்தால் பத்து மாதத்துக்கு 30,000. மிஞ்சுவது 1,41,000. பல்கலைக்கழகம் மாதம் 13,000தான், ஆனால் பன்னிரண்டு மாதம், வீடும் சேர்த்து. 1,56,000. மாதத்துக்கு ஐயாயிரம் குறைவாகத் தெரிந்த வேலை வருடத்துக்குப் பதினைந்தாயிரம் கூடுதலாகத் தருகிறது, வாரத்தில் எட்டு வகுப்புக்கு.

பத்து மாத ஒப்பந்தத்தில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் வசிப்பு அனுமதி. அது வேலை கொடுப்பவரோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிந்தால் அனுமதியும் அதை ஒட்டியே முடியும்படி போடுவார்கள். கோடையில் அங்கேயே இருந்து வேறு வேலை பார்க்கலாம் என்று நினைத்திருந்தால் நடக்காது. அடுத்த இடத்துக்கு மாறவும் பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதமும், பணி அனுமதியை ரத்து செய்ததற்கான சான்றும் வேண்டும். ஏஜென்சி அதை இழுத்தடித்தால் ஜூலையில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

அரசுப் பள்ளிக்கென்று சில நல்லவையும் இருக்கின்றன. ஜூன் 7-இல் தொடங்கிப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவ் நடக்கும்போது பல உயர்நிலைப் பள்ளிகள் தேர்வு மையமாகிவிடும், கீழ் வகுப்புகளுக்கு லீவு. விளையாட்டு விழா இரண்டு நாளும் பாடம் இருக்காது. மாணவர்கள் ஆசிரியர் மேல் வைக்கும் அன்பு வேறெங்கும் நான் காணாதது. பள்ளியே நேரடியாக, பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்தால் அதைத் தயங்காமல் பரிசீலிக்கலாம்.

மழலையர் பள்ளி, பயிற்சி மையம் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. தனியார் மழலையர் பள்ளிகள் பலவற்றில் அரசு விடுமுறை நாட்களுக்கு மேல் பெரிதாக எதுவும் இராது, கோடையிலும் நடக்கும். பயிற்சி மையம் என்றால் முன்பெல்லாம் புதன் முதல் ஞாயிறு வரை, மாலையும் வார இறுதியும்தான் வேலை. 2021 ஜூலையில் வந்த அரசு உத்தரவு, பள்ளிப் பாடங்களை வார இறுதியிலும் அரசு விடுமுறையிலும் குளிர்கால, கோடை விடுமுறையிலும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. அந்தத் தொழிலே சுருங்கிப் போனது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் பணி அனுமதி வழக்கமாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவருக்குத்தான். நமக்கு வழி கணிதம், அறிவியல், கணினி போன்ற பாடங்கள். சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ வா, வந்தபின் மாற்றித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். பிடிபட்டால் ஆசிரியருக்கு அபராதமும் காவலும் நாடு கடத்தலும் வரலாம். தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சின்ன வாசல் உண்டு: பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகம், குன்மிங்கில் உள்ள யுன்னான் மின்சூ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தமிழ் கற்பிக்கிறார்கள். அங்கே விடுமுறை எல்லாம் நான் மேலே சொன்ன பல்கலைக்கழக முறைதான்.

கடைசியாக, நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் பொங்கல். சீனப் புத்தாண்டு சந்திரக் கணக்கு, ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவே ஆடும். பள்ளிகளின் குளிர்கால விடுமுறை அதை ஒட்டியே ஆடும். 2023-இல் புத்தாண்டு ஜனவரி 22, 2026-இல் பிப்ரவரி 17. புத்தாண்டு பிப்ரவரியில் வருகிற வருடம், பொங்கலன்று பள்ளி ஆசிரியர் வகுப்பில்தான் இருப்பார். பல்கலைக்கழக ஆசிரியர் தன் பாடத் தேர்வை முன்கூட்டியே முடித்துக்கொள்ள முடிந்தால் கிளம்பிவிடலாம். தீபாவளிக்கு எந்த வேலையிலும் வழியில்லை, அது தேசிய தின லீவு முடிந்த பிறகே வரும். டிக்கெட் எடுக்கும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்: 2020-இல் நின்ற இந்திய சீன நேரடி விமானம் 2025 அக்டோபரில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது, அதுவும் முதலில் கொல்கத்தா குவாங்சோ இடையே. தமிழ்நாட்டுக்காரர்கள் இன்னும் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகத்தான் போகிறோம். புத்தாண்டை ஒட்டிய நாற்பது நாள் பயண நெரிசலில் விமானக் கட்டணம் ஏறிவிடும், விமான நிலையம் வரை போக ரயில் டிக்கெட்டும் கிடைக்காது. தேதியை டிசம்பர் முதல் வாரத்தில் சொல்லும் பள்ளிக்கும், ஜனவரியில் சொல்லும் பள்ளிக்கும் ஒரு மாதச் சேமிப்பளவு வித்தியாசம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், வீட்டில் கடன் இல்லாதவர், வயதான பெற்றோர் இருப்பவர், எழுதவோ மேலே படிக்கவோ நினைப்பவர் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். மூன்று நான்கு வருடத்தில் ஒரு தொகை சேர்த்தாக வேண்டும் என்பவருக்கு இருமொழிப் பள்ளி, உழைப்பு அதிகம் என்று தெரிந்தே. பத்து மாத ஏஜென்சி ஒப்பந்தத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தம்பி இருமொழிப் பள்ளியைத்தான் எடுத்திருக்கிறான். வீட்டுக் கடன் இருக்கிறது, அவன் நிலையில் நானும் அதையே செய்திருப்பேன். கையெழுத்துப் போடும் முன் நான்கு வரி கேட்டு எழுதச் சொன்னேன்: இந்த ஆண்டின் சியாவ்லி ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும், சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்கும் முழுசாக வேண்டும், ஈடுகட்டும் நாட்களில் பாடம் இருந்தால் மட்டும் வருவேன், கோடையில் திரும்ப வேண்டிய தேதி எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றை ஒப்புக்கொண்டார்கள். ஈடுகட்டும் நாளில் எல்லா ஆசிரியர்களும் வரத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, தெரிந்தே போகிறான். 2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, அந்தப் பொங்கலுக்கு அவனால் வர முடியாது. 2028-இல் ஜனவரி 26. காணும் பொங்கலுக்காவது வரப் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.